எங்களுக்கு வேறு வீடு கிடைத்துவிட்டது

முப்பது வயதில் வேலை அனுபவம் எழுத உட்காருவது கொஞ்சம் அதிகப்பிரசங்கித்தனம் என்று எனக்கே தெரியும். ஆனால் எட்டு வருடமாக ஒரே மேசையில் இருந்து, ஒரே படிவத்தை நிரப்பி வந்தவள், வருகிற வெள்ளிக்கிழமை அந்த மேசையை விட்டு எழுந்து போகிறேன். கனடாவில், மொன்றியல் நகரின் பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதியில் ஒரு மரக்கறிக் கடைக்கு மேல்மாடியில் இயங்கிய எங்கள் உரிமை உதவி அலுவலகம், நகர நடுவில் உள்ள பெரிய நிலையத்தோடு சேர்கிறது. வீடு மறுக்கப்பட்டவர்கள், வேலை மறுக்கப்பட்டவர்கள் எல்லோரும் இனித் தங்கள் முறைப்பாட்டைக் கணினியில் எழுதுவார்கள். பழைய படிவத்தைக் கணினிக்கு ஏற்றும் பொறுப்பு அபிநயாவுக்கு. சென்னையிலிருந்து மேற்படிப்புக்கு வந்தவள், என் இடத்துக்கு வருகிறவள்.

போன வாரம் அவள் திரையிலிருந்து தலையைத் தூக்கிக் கேட்டாள்.

"அக்கா, இந்தப் பதினோராவது கேள்வி எதுக்கு? 'புறப்படும்போது நீங்கள் என்ன சொன்னீர்கள்?' வீட்டுக்காரன் என்ன சொன்னாங்கறதுதானே கேஸு? இவங்க கிளம்பறப்போ என்ன சொல்லியிருந்தா நமக்கென்ன? தூக்கிடட்டுமா?"

"தூக்காதே."

"ஏன்க்கா, யாராவது கிளம்பறப்போ திட்டிட்டு வந்துட்டாங்களா?"

"திட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும்."

அவள் சிரித்தாள். ஒரு கோப்பைத் தேநீர் முடிவதற்குள் சொல்லிவிடலாம் என்று தொடங்கினேன், முடியவில்லை. அதனால் எழுதுகிறேன். சம்பந்தப்பட்ட குடும்பத்தின் பெயர்களை மாற்றியிருக்கிறேன். எழுதியதை அவர்களுக்கு வாசித்துக் காட்டி அனுமதியும் வாங்கியிருக்கிறேன்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குள் கால் வைத்த முதல் ஆள் நான். அப்பாவும் அம்மாவும் ஹட்டன் பக்கத்தில் தோட்டத் தொழிலாளர்கள். கலவரத்துக்குப் பிறகு வவுனியா, அதன்பின் கொழும்பு, அப்பா காலமானபின் மாமா ஒருவரின் பின்னால் மொன்றியல். எனக்கு அப்போது ஒன்பது வயது. அம்மா சென்ட் லோரன்டில் ஒரு களஞ்சியத்தில் பெட்டி ஒட்டினார். வீட்டுக்கு வருகிற கடிதம் எதுவானாலும் என் கைக்கு வரும். கடிதத்தை வாசித்துச் சொல்லும்போது அம்மா என் வாயைப் பார்க்கிற பார்வைக்காகவே நான் படித்தேன் என்று சொல்லலாம். அதில் எனக்கு இன்றைக்கும் பெருமை உண்டு, மறைக்க மாட்டேன்.

பள்ளி முடிந்ததும், இங்கே செஜெப் என்கிற கல்லூரியில் மூன்று வருடம் சட்ட உதவியாளர் படிப்பு. அங்கே கற்றதை மூன்று வரியில் எழுதிவிடலாம். காலக்கெடுவைத் தவறவிடாதே. மூலப் பத்திரத்தைக் கையை விட்டுக் கொடுக்காதே. கேட்காததை எழுதாதே. இந்த மூன்றாவதற்கு ஒரு மறுபக்கம் உண்டு, அதை அங்கே யாரும் சொல்லவில்லை. எங்கள் அலுவலகத்தில்தான் படித்தேன், அதுவும் தப்புச் செய்து.

அலுவலகத்தின் பொறுப்பாளர் மதாம் ரோஸ்லீன். ஹெயிட்டியில் பிறந்த வழக்கறிஞர். ஐம்பத்தைந்து வயதிருக்கும். காலையில் வந்ததும் பனிச் சப்பாத்தைக் கழற்றி, ஆண்கள் போடுகிற தடித்த செருப்பொன்றை மாட்டிக்கொண்டு, பென்சில்களைச் சீவுவார். அது முடியும்வரை யாரும் அவரோடு பேசக்கூடாது. எல்லோரையும் 'நீங்கள்' என்றுதான் அழைப்பார். அலுவலகம் கூட்ட வருகிற பெண்ணையும், தாயின் மடியில் இருக்கிற மூன்று வயதுப் பிள்ளையையும், எட்டு வருடமும் என்னையும். நல்லாச் செய்தாய் என்று ஒருநாளும் சொன்னதில்லை. திருத்தம் இல்லாமல் ஒரு பக்கம் முடிந்தால், "தொடருங்கள்" என்பார். அந்தச் சொல்லைக் கேட்பதற்காக நான் சாப்பாட்டை விட்டிருக்கிறேன்.

அவருடைய படிவத்தில் மூன்று நிரல்கள் இருக்கும். கண்டது, கேட்டது, நினைத்தது. முறைப்பாட்டாளர் சொல்கிற ஒவ்வொரு வசனத்தையும் இந்த மூன்றில் ஒன்றில் போடவேண்டும். 'அவருக்கு எங்களைப் பிடிக்கவில்லை' என்று ஒருவர் சொன்னால் அது மூன்றாவது நிரல். 'கதவைப் பாதிதான் திறந்தார்' என்பது முதலாவது. பலருக்கு முதலில் மூன்றாவது நிரல்தான் நிறையும். பொறுமையாகக் கேட்டால் கொஞ்சம் கொஞ்சமாக முதலாவது நிறையத் தொடங்கும். அது நிறைய நிறைய அவர்களின் முதுகு நிமிர்வதை நான் கண்டிருக்கிறேன்.

எல்லாம் எழுதி முடித்தபின் மதாம் எழுந்து நின்று வாசிப்பார். நான் தமிழில் சொல்லிக்கொண்டு வருவேன். பிழை இருந்தால் கையைத் தூக்கி நிறுத்தலாம், நிறுத்துவது உங்கள் உரிமை என்று முதலே சொல்லிவிடுவார். எங்கள் ஆட்கள் நிறுத்த மாட்டார்கள். வழக்கறிஞர் வாசிக்கும்போது குறுக்கிடுவது மரியாதையில்லை அல்லவா? இது மதாமுக்குத் தெரியும். அதனால் வேண்டுமென்றே ஒரு பிழையைச் செருகுவார். பச்சைக் கதவை நீலக் கதவு என்பார், செவ்வாயைப் புதன் என்பார். வாசித்துவிட்டு மூக்குக்கண்ணாடிக்கு மேலால் பார்த்துக்கொண்டு நிற்பார். அந்தப் பிழையை ஆள் திருத்தும்வரை கையெழுத்து வாங்க மாட்டார். ஒருமுறை ஒரு பெரியவர் மூன்று தடவை வாசித்தும் பேசாமல் இருந்தார். நான்காம் தடவை, "அம்மா, கோவிக்காதேங்கோ, அது நீலம் இல்லை" என்று கை கூப்பினார். மதாமும் பதிலுக்குக் கை கூப்பினார்.

நான் சேர்ந்து இரண்டாவது வசந்தத்தில் சிவநேசன் அண்ணையும் ரஞ்சினி அக்காவும் வந்தார்கள். மொன்றியலில் வாடகை ஒப்பந்தங்கள் பெரும்பாலும் ஜூன் கடைசியில் முடியும், ஜூலை முதலாம் திகதி பாதி நகரம் கட்டிலும் மெத்தையுமாக வீடு மாறும். அதனால் வீடு தேடுகிற காலம் வசந்தம். அவர் சென்ட் லோரன்டில் விமான உதிரிப் பாகங்கள் செய்யும் தொழிற்சாலையில் வேலை. எங்கள் அலுவலகத்துக்கே மடிப்புக் கலையாத சட்டையோடு வந்தார். கூட ஆறு வயது மகள் மதுஷா.

"ஊரிலை எந்தப் பக்கம், தங்கச்சி?" என்று தொடங்கினார்.

"ஹட்டன் பக்கம், அண்ணை."

"ஓ... தோட்டப் பக்கமோ? அங்கையிருந்து வந்து பிரெஞ்சிலை முறைப்பாடு எழுதுறியள்!"

புகழ்ச்சியா, வேறெதாவதா என்று தெரியவில்லை. "ஓம் அண்ணை, அங்கேருந்துதான்" என்று சொல்லிப் பேனையை எடுத்தேன்.

அவர்கள் இருந்தது பார்க் எக்ஸ்டென்ஷனில் ஒரு பேஸ்மென்ட். சுவரெல்லாம் பூஞ்சணம். மதுஷாவுக்கு ஆஸ்துமா. அந்தக் குளிர்காலத்தில் மட்டும் இரண்டு முறை ஆஸ்பத்திரியில் வைத்திருந்தார்கள். இன்னொரு குளிர்காலம் அந்த வீட்டில் இருக்கவேண்டாம் என்று டொக்டர் சொல்லிவிட்டார். அஹுன்ட்சிக்-கார்ட்டியர்வில்லில் மூன்றாம் மாடியில் ஒரு வீடு வாடகைக்கு என்று கண்டு, தொலைபேசியில் பேசி, சனிக்கிழமை பத்து மணிக்கு வரச்சொன்னதன்படி மூவரும் பஸ் எடுத்துப் போயிருக்கிறார்கள்.

"பத்துக்குப் பத்து நிமிசம் இருக்கேக்கையே போய் நிண்டிட்டம்," என்றார் ரஞ்சினி அக்கா. "இவருக்கு எங்கை போனாலும் முந்திப் போகவேணும். கலியாண வீட்டுக்கும் பொம்பிளைக்கு முதல் போயிடுவார்."

"அதை ஏன் இப்ப சொல்லுறீர்?"

"எல்லாத்தையும் சொல்லச் சொன்னவையெல்லே."

தெருவில் நின்றபோது மதுஷா அந்த வீட்டின் ஜன்னல்களைப் பிரெஞ்சில் எண்ணியிருக்கிறாள். மூன்று. பேஸ்மென்டில் ஒன்றே ஒன்றுதான், அதிலும் தெரிவது போவோர் வருவோரின் கால்கள்.

"அவர் கதவைத் திறந்தவர்," என்றார் சிவநேசன் அண்ணை. "என்னைப் பார்த்தார். இவவைப் பார்த்தார், இவவின்ரை பொட்டைப் பார்த்தார். பேந்து பிள்ளையைப் பார்த்தார். விடிய ஒராளுக்குக் குடுத்திட்டன் எண்டார். உள்ளுக்கு வரச் சொல்லேல்லை. அந்த ஆள் விட்டால் எடுத்துச் சொல்லுறன் எண்டார்."

சனி முழுக்கத் தொலைபேசி அடிக்கவில்லை. ஞாயிறும் அடிக்கவில்லை. திங்கள் வேலை முடிந்து அந்தத் தெருவால் போய்ப் பார்த்தால், வாடகைக்கு என்ற பலகை ஜன்னலில் அப்படியே இருக்கிறது. செவ்வாய் எங்களிடம் வந்துவிட்டார்கள்.

"ஞாயிறு நீங்க எதுவும் செய்யலையா?"

அவர் தன் சப்பாத்தைப் பார்த்தார். "பின்னேரம் நான் எடுத்தனான். அவர் இல்லை, மெசின்தான் கதைச்சது. 'மெர்சி முசியே, எங்களுக்காகக் கஷ்டப்படாதேங்கோ, எங்களுக்கு வேற வீடு கிடைச்சிட்டுது' எண்டு சொல்லி வைச்சிட்டன்."

"கிடைச்சதா?"

"எங்கை கிடைக்கிறது!" என்றார் ரஞ்சினி அக்கா. "போனுக்குப் பக்கத்திலை பிச்சைக்காரர் மாதிரிக் காத்துக்கொண்டு இருக்கேலாது எண்டிட்டு அப்பிடிச் சொன்னவர்."

என் பேனை நின்றது.

எனக்குப் பன்னிரண்டு வயதாக இருந்தபோது அம்மாவும் நானும் இப்படித்தான் ஒரு கதவுக்கு முன்னால் நின்றோம். வீடு இல்லை என்று கதவைத் திறந்த பெண் சொன்னதை நான் தமிழில் சொல்ல, அம்மா ஒரு கணம்கூடத் தாமதிக்கவில்லை. "எங்களுக்கு வேற வீடு கெடைச்சிருச்சுனு சொல்லு பாப்பா" என்றார். நான் சொன்னேன். நல்ல உச்சரிப்போடு, பிழையில்லாமல் சொன்னேன். அந்தப் பெண்ணின் முகத்தில் வந்த நிம்மதியைக் கண்டேன். தெருமுனை வரும்வரை அம்மா என் கையை விடவில்லை. அன்றைக்கு எங்களுக்கு எந்த வீடும் கிடைத்திருக்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை அழைப்பை நான் படிவத்தில் எழுதவில்லை. வழக்குக்குக் கெடுதி என்று நினைத்தேன். அது பாதிதான். அந்த வசனத்தை என் கையால் பிரெஞ்சில் இன்னொரு முறை எழுத எனக்கு மனம் வரவில்லை என்பதுதான் மீதி.

நடைமுறை அதன்படி நடந்தது. அன்று பின்னேரமே, பிரெஞ்சுப் பெயரும் இந்த ஊர் உச்சரிப்பும் உள்ள எங்கள் தொண்டர் ஒருவர் அதே வீட்டுக்குத் தொலைபேசி எடுத்தார். என்ன கேட்கவேண்டும் என்பது தாளில் எழுதப்பட்டிருக்கும், அதற்கு மேல் ஒரு சொல்லும் பேசக்கூடாது. எடுத்த நேரம், வைத்த நேரம், பதில் மூன்றையும் உடனே குறிக்கவேண்டும். வீடு இருக்கிறது, நாளைக்கே வந்து பாருங்கள் என்று பதில் வந்தது. முறைப்பாட்டாளர் எழுத்தில் சம்மதம் தந்தால், எங்களைப் போன்ற அமைப்பு அவர் சார்பில் உரிமை ஆணைக்குழுவுக்கு எழுதலாம் என்பது கியூபெக் சட்டம். சம்மதக் கடிதம் தயாரானது. மதாம் எழுந்து நின்று வாசித்தார். மூன்றாம் மாடியை இரண்டாம் மாடி என்றார். சிவநேசன் அண்ணை உடனே கையைத் தூக்கினார். "மூண்டாம் மாடி. பிள்ளை எண்ணினவள்." கையெழுத்துப் போட்டார்.

ஜூலை வந்தது. நகரம் வீடு மாறியது. அவர்கள் மாறவில்லை.

ஓகஸ்டில் வீட்டுக்காரரின் பதிலை ஆணைக்குழுவின் விசாரணையாளர் எங்களுக்கு அனுப்பினார். கூடவே ஒரு ஒலிநாடாவின் பிரதியும், வீட்டுக்காரருடைய குறிப்புப் புத்தகத்தின் சில பக்கங்களும். நான் யாரையும் மறுக்கவில்லை, இன்னொருவர் யோசிக்கிறார் என்றுதான் சொன்னேன், அவர்களே வேறு வீடு கிடைத்துவிட்டது என்று சொல்லி விலகினார்கள், செவ்வாய்க்கிழமை வீடு வாடகைக்கு இருந்ததில் என்ன அதிசயம் என்று வீட்டுக்காரர் எழுதியிருந்தார்.

மதாம் ஒலிநாடாவைப் போட்டார். சிவநேசன் அண்ணையின் குரல், மிகப் பணிவாக. *எங்களுக்கு வேறு வீடு கிடைத்துவிட்டது.* பொத்தானை அமுக்கி நிறுத்தினார்.

"இதை அவர் உங்களிடம் சொன்னாரா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். அறையில் எங்கள் இருவரைத் தவிர வேறு யாருமில்லை. முறைப்பாட்டாளர் ஒன்றை மறைப்பது எங்கள் தொழிலில் புதிதும் இல்லை. ஆனால் இல்லை என்றால், அந்தக் குரலுக்குச் சொந்தக்காரர் பொய்யர் ஆகிவிடுவார்.

"சொன்னார். நான்தான் எழுதவில்லை."

அவர் குரலை உயர்த்தவில்லை. ஒரு பென்சிலை எடுத்துச் சீவத் தொடங்கினார். ஏற்கெனவே கூராக இருந்த பென்சில். சீவல் முழுவதையும் உள்ளங்கையில் கூட்டிக் குப்பைக் கூடையில் போட்டார்.

"எந்த நிரலில் வந்திருக்கவேண்டும்?"

"கேட்டது."

"ஏன் வரவில்லை?"

அம்மாவைப் பற்றிச் சொன்னேன். அந்த அலுவலகத்தில் முதன்முதலாக அழுதேன், அதற்கும் வெட்கப்பட்டேன். அவர் முடியும்வரை கேட்டார்.

"மதாம்வசெல், நீங்கள் அவரைக் காப்பாற்ற நினைத்தீர்கள். அவர் உங்களைக் காப்பாற்றச் சொல்லிக் கேட்கவில்லை. எழுதச் சொல்லிக் கேட்டார். விசாரணையாளருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். முறைப்பாட்டாளர் இதை முதல் நாளே சொன்னார், விட்டது நான் என்று. உங்கள் பெயரில், உங்கள் கையெழுத்தில். பின்னேரம் மூன்று மணிக்குள்."

மூன்று மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது மேசையில் வைத்தேன். எட்டு வருடத்தில் நான் எழுதிய கடிதங்களில் ஆகச் சிறியது அது. ஆக அதிக நேரம் எடுத்ததும் அதுதான். எங்கள் குடும்பத்தின் முதல் கையெழுத்து என்று நான் பெருமைப்பட்ட கையெழுத்தை, என் பிழைக்குக் கீழே போட்டேன்.

குடும்பத்துக்கு நேரில் சொல்லவேண்டும் என்று மதாம் சொன்னதால் அன்று மாலையே அந்தப் பேஸ்மென்டுக்குப் போனேன். கத்துவார்கள் என்று எதிர்பார்த்தேன். சிவநேசன் அண்ணை கதிரையை இழுத்துப் போட்டார்.

"வாசிக்கேக்கை அது இல்லையெண்டு கவனிச்சனான், தங்கச்சி. நீங்கள் படிச்ச பிள்ளை, தேவையில்லாததெண்டு விட்டிட்டியள் எண்டு நினைச்சன்."

படித்த பிள்ளை. அவர் கோபித்திருந்தால் தாங்கியிருப்பேன்.

"இப்ப என்ன, வீடு இல்லைத்தானே?" என்றார் ரஞ்சினி அக்கா. உள்ளறையிலிருந்து மதுஷாவின் இருமல் கேட்டது. ஓகஸ்டிலேயே இருமல். "குளிர் வரப்போகுது பிள்ளை. அதைத்தான் யோசிக்கிறன்."

நான் எதையும் உறுதியாகச் சொல்லவில்லை. சொல்லக்கூடிய ஆளாக அன்று நான் இல்லை.

மறுநாள் காலை வீட்டுக்காரரின் குறிப்புப் புத்தகப் பக்கங்களை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். எல்லா வகை ஆட்களும் என்னிடம் வருகிறார்கள், பாருங்கள் என்று காட்டத்தான் அவர் அதை அனுப்பியிருந்தார். பெயர், தொலைபேசி எண், ஒரு வரிக் குறிப்பு. சிலருக்கு எதிரே 'நாய் உண்டு'. சிலருக்கு 'சிறியது என்றார்'. சிலருக்கு 'திரும்ப அழைக்கவில்லை'. சிவநேசன் அண்ணையின் பெயருக்கும் இன்னும் ஏழு பெயர்களுக்கும் எதிரே மட்டும் ஒரே குறிப்பு: 'வேறிடம் கிடைத்தது'. அந்த ஏழு பெயர்களையும் வாசித்தேன். எழுத்து எப்படிச் சிதைந்திருந்தாலும் எங்கள் பெயர்களை எனக்குத் தெரியாதா? ஐந்து தமிழ்ப் பெயர்கள், ஒரு பஞ்சாபி, ஒரு வங்காளி.

பென்சில் சீவும் நேரம் என்பதையும் மறந்து மதாமின் அறைக்குள் போனேன்.

"மதாம், இவர்கள் எல்லோருக்கும் வேறு வீடு கிடைத்திருந்தால், ஜூலை முதலாம் திகதி எல்லோரும் வீடு மாறியிருக்கவேண்டும்."

அவர் சீவுவதை நிறுத்தினார்.

"மாறியிருக்க மாட்டார்கள். எனக்குத் தெரியும். எங்கள் ஆட்கள் கதவிலிருந்து திரும்பும்போது சொல்கிற வசனம் இது. வீட்டுக்காரருக்கு அது பதிலாகக் கேட்டிருக்கிறது, எங்களுக்கு அது விடைபெறுவது."

"அது எந்த நிரல்?"

"நினைத்தது," என்றேன்.

"அப்படியானால் முதல் நிரலுக்குக் கொண்டு வாருங்கள்."

உடனே ஓடிப்போய்க் கதவு தட்ட அவர் விடவில்லை. அந்தப் பக்கங்கள் விசாரணைக்காக எங்களுக்குத் தரப்பட்டவை. அதிலுள்ளவர்களோடு பேச முதலில் விசாரணையாளரிடம் எழுத்தில் கேட்கவேண்டும். கேட்டோம். பன்னிரண்டு நாள் கழித்து, விசாரணையாளரும் கூட வருவதென்றால் சரி என்று பதில் வந்தது. அந்தப் பன்னிரண்டு நாளும் நான் வானிலை அறிக்கை பார்த்துக்கொண்டிருந்தேன்.

செப்டம்பரில் ஐந்து வீடுகளுக்குப் போனோம். மற்ற இருவரில் ஒருவர் டொரோன்டோவுக்குப் போய்விட்டார், மற்றவர் பேச விரும்பவில்லை. விசாரணையாளர் நெட்டையான, அமைதியான மனிதர், ஒவ்வொரு வீட்டிலும் சப்பாத்தைக் கழற்றினார். ஐந்து குடும்பமும் வசந்தத்தில் இருந்த அதே வீட்டில்தான் இருந்தது. வாடகை ஒப்பந்தங்களை எடுத்துக் காட்டினார்கள். எல்லாம் பழைய முகவரி, புதுப்பித்த திகதி.

நான்காவது வீட்டில் யோகம் அக்கா என்றொருவர், கையில் மாவோடு கதவைத் திறந்தார். புறப்படும்போது என்ன சொன்னீர்கள் என்று கேட்டேன்.

"வேற வீடு கிடைச்சிட்டுது எண்டு சொன்னனான்."

"கிடைச்சதா?"

"விசரே பிள்ளை உமக்கு? கிடைச்சிருந்தா இதுக்குள்ளை இருந்து மாக் குழைப்பனே?" பிறகு நெட்டை மனிதரைப் பார்த்து, அவருக்கும் விளங்கும் என்பதுபோலத் தமிழிலேயே சொன்னார்: "படியாலை இறங்கேக்கை வெறுங்கையோடை இறங்கேலுமே, ஐயா? எதையாவது கொண்டு இறங்கவேணுமெல்லே?"

நான் மொழிபெயர்த்தேன், ஒரு சொல்லையும் விடாமல். விசாரணையாளர் எழுதிக்கொண்டார். கொஞ்சம் பொறுத்து, என்ன நினைத்தாரோ, என்னைப் பார்த்துச் சொன்னார்: "என் தந்தையும் இப்படி ஒரு படியால் இறங்கியிருப்பார். அவர் இத்தாலியிலிருந்து வந்தவர்." வங்காளிப் பெண்மணி வீட்டில் தேநீர் கொடுத்தார்கள். அவர் சொன்ன வசனமும் அதேதான், தன் கணவருக்குக்கூட இதைச் சொல்லவில்லை என்றார்.

ஐந்து வாக்குமூலங்கள், ஐந்து ஒப்பந்தங்கள், கூடவே என் கடிதம். அந்தக் கடிதத்தால் என்ன பயன் என்று அப்போது எனக்குத் தெரியாது. பின்னர் விசாரணையாளர் மதாமிடம் சொன்னாராம், தங்களுக்குப் பாதகமானதைத் தாங்களே எழுதி அனுப்பிய தரப்பு, சாதகமானதைக் கொண்டு வரும்போது நம்ப முடிகிறது என்று. மதாம் இதை என்னிடம் சொன்னது இரண்டு வருடம் கழித்து, படிக்கட்டில் இறங்கும்போது, வேறெதையோ பேசுகிற மாதிரி.

நவம்பரில் இரண்டு தரப்பையும் உட்கார வைத்தார்கள். அந்த அறையில் பேசியதை வெளியே சொல்லக்கூடாது என்பது விதி, சொல்ல மாட்டேன். முடிவைச் சொல்ல இரு தரப்பும் சம்மதித்தன. தவறை ஏற்று ஐந்து குடும்பங்களுக்கும் சிவநேசன் அண்ணைக்கும் ஒரு கடிதம். இனி வீடு கேட்டு வருகிற எல்லோருக்கும் ஒரே எழுத்து விண்ணப்பம், மறுத்தால் எழுத்தில் காரணம். அந்தக் கட்டடத்தில் அடுத்துக் காலியாகும் வீடு சிவநேசன் அண்ணையின் குடும்பத்துக்கு.

அடுத்து எப்போது காலியாகும் என்பது யார் கையிலும் இல்லை. டிசம்பரில் மதுஷா மூன்று நாள் ஆஸ்பத்திரியில் இருந்தாள். நான் பார்க்கப் போனேன். ரஞ்சினி அக்கா ஒரு தோடம்பழத்தை உரித்துப் பாதியைக் கையில் தந்தார்.

ஜனவரியில் ஒரு வியாழக்கிழமை மத்தியானம் மேசைத் தொலைபேசி அடித்தது.

"தங்கச்சி, சிவநேசன் கதைக்கிறன். எங்களுக்கு வீடு கிடைச்சிட்டுது."

அந்த வசனத்தைக் கேட்டால் இன்றுவரை எனக்கு வருகிற முதல் எண்ணம் சந்தேகம்தான்.

"உண்மையாவா, அண்ணை?"

மறுபக்கத்தில் அவர் வாய்விட்டுச் சிரித்தார். "நீங்கள் நம்பமாட்டியள் எண்டு ரஞ்சினி முதலே சொன்னவ. மூண்டாம் மாடி. திறப்பு கையிலை இருக்குது. சனிக்கிழமை பால் காய்ச்சுறம், வந்து பாருங்கோ."

படிவத்தை எடுத்தேன். இரண்டாவது நிரலில் எழுதினேன்: வீடு கிடைத்ததாக முறைப்பாட்டாளர் தொலைபேசியில் கூறினார். கோப்பை மூடவேண்டுமென்று மதாமிடம் கொண்டு போனேன். வாசித்துவிட்டுத் திருப்பித் தந்தார்.

"இது கேட்டது," என்றார். "சனிக்கிழமை போய்விட்டு வந்து மூடுங்கள்."

போனேன். வெளிப்புற இரும்புப் படியில் பனி உறைந்திருந்தது, யாரோ உப்புத் தூவியிருந்தார்கள். அம்மாவையும் கூட்டிப் போயிருந்தேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக ஏறினார். ஏறுவதற்கு முன் கீழே நின்று நிமிர்ந்து பார்த்தபோதே, மேலே ஜன்னல் கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு மதுஷா நின்றாள். ஊதி ஊதிக் கண்ணாடியில் ஆவி பிடித்து, விரலால் என்னவோ வரைந்துகொண்டிருந்தாள். எங்களைக் கண்டதும் அடுத்த ஜன்னலுக்கு ஓடினாள், பிறகு அதற்கடுத்ததுக்கு.

அபிநயாவிடம், அந்த வழக்குக்குப் பிறகு படிவத்தில் சேர்த்த பதினோராவது கேள்வியைக் கணினியிலும் வைக்கச் சொல்லிவிட்டேன். பதிலுக்கு நிறைய இடம் விடவும் சொன்னேன். நான் வருகிற ஜனவரியில் சட்டக் கல்லூரிக்குப் போகிறேன். மதாம் ரோஸ்லீன் பரிந்துரைக் கடிதம் எழுதினார், அதில் என்ன இருக்கிறது என்று காட்டவில்லை. உறையை ஒட்டிக் கையில் தந்துவிட்டு, "தொடருங்கள்" என்றார்.

அந்தப் பழைய கோப்பு இன்னும் எங்கள் இரும்பு அலுமாரியில் இருக்கிறது. கடைசிப் பக்கத்தில், முதல் நிரலில், திங்கட்கிழமை காலை நான் எழுதிய வரி: வீட்டைக் கண்டேன். மூன்றாம் மாடி. மூன்று ஜன்னல். பிள்ளை ஓடினாள், இருமவில்லை.